கதவுக்குப் பக்கத்துக் கதிரை

பயந்தவளுக்கு யாராவது சமூக சேவை வேலை கொடுப்பார்களா? றிஷ்னாவுக்குக் கொடுத்திருந்தார்கள். நேர்முகப் பரீட்சையில் டிப்ளோமா இருக்கிறதா என்று கேட்டார்கள், இருந்தது. சிங்களம் கதைப்பீர்களா என்று கேட்டார்கள், கதைப்பாள். இருட்டுக்குப் பயமா, நாய்க்குப் பயமா, சத்தம் போடும் ஆம்பிளைக்குப் பயமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாவற்றுக்கும்தான் என்று உண்மையைச் சொல்லி, பேசாமல் வீட்டோடு இருந்திருப்பாள்.

வேலை கிடைத்த கதை பரவியதும் ஆளுக்கொரு புத்திமதி வந்தது. உம்மா, எந்த வாசலில் கால் வைத்தாலும் ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொள்ளச் சொன்னார். வாப்பா, பொலிஸ் வருகிற விஷயம் எதற்கும் போகவேண்டாம் என்றார். பொலிஸ் வராத விஷயங்களுக்கு இப்படி ஓர் உத்தியோகமே தேவையில்லை என்பதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? உருப்படியாகச் சொன்னவர் அலுவலகத்தில் ஹுனைஸ் மட்டும்தான். அவளைவிட நாலைந்து வயது மூத்தவர். இந்த வேலையில் ஒரு தரம் தலையில் தையல் போட்டுக்கொண்டவர் என்பதால் அவர் பேச்சுக்கு ஒரு மதிப்பிருந்தது.

"போற ஊட்டுல கதவுக்குப் பக்கத்துல இரிக்கப் பாருங்க தங்கச்சி. கதவத் தொறந்தே வைங்க. தனியாப் போகாதீங்க. ஆருக்கும் சத்தியம் பண்ணிக் குடுக்காதீங்க. பயந்தா பயம் எண்டு சொல்லுங்க, அதுல ஒரு வெக்கமும் இல்ல."

கடைசியைத் தவிர மற்றதையெல்லாம் றிஷ்னா மனப்பாடம் செய்துகொண்டாள். பயம் என்று சொல்லிக்கொண்டு திரிகிற உத்தியோகத்தரை யார் மதிப்பார்கள்?

குறிஞ்சிப்பிட்டிக்குப் போகும்படி சொல்லிவிட்டது அந்தப் பகுதிக் குடும்பநல மருத்துவிச்சி. அங்கே நஸ்லியா என்றொரு பெண். மன்னார்ப் பக்கம் பிறந்து, தாயும் தகப்பனும் இல்லாமல் வளர்ந்து, கட்டிக்கொடுத்து வந்தவள். ஏழு மாதம் வயிற்றில் இருக்கும்போது புருஷன் கடலில் மவுத்தாகிவிட்டான். பிறகு ஆண் பிள்ளை பிறந்தது. பிள்ளையை ஒரு கிளினிக்குக்கும் கொண்டுவரவில்லை. மருத்துவிச்சி வீட்டுக்குப் போனால், தாயும் பிள்ளையும் மன்னாருக்குப் போய்விட்டார்கள் என்று பதில் வந்தது. ஆனால் முற்றத்துக் கொடியில் பிள்ளைத்துணி காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளை மன்னாரில் என்றால் துணி ஏன் இங்கே காய்கிறது என்று மருத்துவிச்சி கேட்டார். நியாயமான கேள்வி.

ஹுனைஸ் மோட்டார் சைக்கிளிலும் றிஷ்னா பஸ்ஸிலுமாக வந்து சேர்ந்து, கிடுகு வேலிக் கேற்றில் நின்று சலாம் சொன்னார்கள். வெளியே வந்தவன் ஜப்பார், இறந்துபோனவனுக்கு மூத்த நானா. கேற்றை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. கண் இரண்டும் சிவந்திருந்தன. அந்தக் கண்ணைப் பார்த்ததுமே றிஷ்னா ஹுனைஸுக்குப் பின்னால் நகர்ந்தாள்.

ஹுனைஸ் தன்மையாக, "நஸ்லியாவப் பாக்கணும்" என்றார்.

"தம்பிட பொஞ்சாதி இத்தாவுல இரிக்கி" என்றான் ஜப்பார். "ஆரையும் பாக்க ஏலா."

அவ்வளவுதான். புருஷனை இழந்த பெண் அந்நிய ஆண் கண்ணில் படாமல் ஒதுங்கியிருக்கும் காலம் அது. இத்தா வீடு என்றால் தெருவில் போகிறவனும் குரலைத் தாழ்த்திக்கொள்வான். ஹுனைஸ் சட்டென்று கண்ணைத் தாழ்த்தி இரண்டடி பின்னால் போனார். றிஷ்னாவும் போனாள். சிங்கள உத்தியோகத்தர் யாராவது வந்திருந்தால் இத்தா என்றால் என்ன, எப்போது முடியும் என்று நாலு கேள்வி கேட்டிருப்பார். இவர்கள் இருவரும் நல்ல வீட்டில் வளர்ந்த பிள்ளைகள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

திரும்பும்போது றிஷ்னாவின் கண்ணில் ஒன்று பட்டது. முன்கதவு திறந்திருந்தது. உள்ளே ஓர் அறைக் கதவில், வெளிப்பக்கம், பூட்டு ஒன்று தொங்கியது. பட்டதே தவிர மனசில் ஏறவில்லை. உள்ளே போகவேண்டியதில்லை என்ற நிம்மதி அவ்வளவு பெரிதாக இருந்தது.

ஹுனைஸ் வேறு வேலையாகக் கல்பிட்டிக்குப் போனார். றிஷ்னா புத்தளம் பஸ்ஸில் ஏறி யன்னலோரம் உட்கார்ந்தாள். முன் ஆசனத்தில் ஒரு தாய், தோளில் கைக்குழந்தை. குழந்தை றிஷ்னாவைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. றிஷ்னா சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே நின்றது.

பிள்ளை பிறந்துவிட்டதே.

வயிற்றில் பிள்ளையோடு புருஷனை இழந்தவளுக்குப் பிள்ளை பிறக்கும் மட்டும்தான் இத்தா. பிறந்த அன்றே முடிந்தது. இது மௌலவிமாருக்கு மட்டும் தெரிந்த சட்டமில்லை, அவளுடைய சொந்தச் சாச்சிக்கே அப்படித்தான் முடிந்தது. ஹுனைஸுக்கும் தெரியும். கேற்றில் நின்றவனுக்கும் தெரியும். மன்னார்க் கதையை விட்டுவிட்டு, பிள்ளையைத் தேடிப் போனவர்களிடமே தாய் இத்தாவில் என்று சொல்லியிருக்கிறான், இவர்களும் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். அந்தப் பூட்டு இப்போதுதான் மனசில் ஏறியது. இத்தா இருக்கிற பெண்ணை யார் வெளியே இருந்து பூட்டுவார்கள்?

தன்னுடைய பயத்துக்குத் தான் மரியாதை என்று பெயர் வைத்துவிட்டது றிஷ்னாவுக்கு விளங்கியது. முகம் சுட்டது. பஸ்ஸை நிற்பாட்டச் சொல்லி இறங்கினாள்.

வழியிலேயே ஹுனைஸுக்குப் போனில் கோல் எடுத்தாள். "ஹுனைஸ் நானா, புள்ள பொறந்தா இத்தா முடிஞ்சில்லயா."

அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள் எஞ்சின் நின்றது. பிறகு, "யா அல்லாஹ்" என்றார். "எனக்கும் தெரியுமே தங்கச்சி. அந்தச் சொல்லக் கேட்டதும் மூள வேல செய்யல்ல. நான் வாறன். நீங்க ரோட்டுலயே நில்லுங்க. உள்ளுக்குப் போகாதீங்க, விளங்கிச்சா?"

நன்றாக விளங்கியது. உள்ளே போ என்று சொல்லியிருந்தால்தான் அவளுக்கு மயக்கம் வந்திருக்கும். வேலியோரத் தென்னைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். கடல் தண்ணீர் தேங்கிய களப்புப் பக்கமிருந்து காற்று மணலை வாரிக்கொண்டு வந்தது. ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடி தொடங்கினாள்.

அப்போது வீட்டுக்குள் பிள்ளை அழுதது. பச்சைப் பிள்ளையின் கீச்சென்ற அழுகை. அழுது, உச்சத்துக்குப் போய், நடுவில் நின்றது. பால் கொடுத்தால் அழுகை சிணுங்கிச் சிணுங்கி அடங்கும். இது அப்படி அடங்கவில்லை. யாரோ பொத்தியதுபோல் நின்றது.

றிஷ்னா ரோட்டைப் பார்த்தாள். ஹுனைஸைக் காணவில்லை. கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது தன்னுடைய கால்தான் என்று பிறகு அவள் நம்பச் சிரமப்பட்டாள்.

ஜப்பார் முற்றத்தில் வலைக்கு முன்னால் குந்தியிருந்தான். எழுந்தான். "இப்பதானே சொல்லியனுப்பின?"

றிஷ்னாவின் குரல் கிறீச்சிட்டது. "புள்ள பொறந்தா இத்தா முடிஞ்சி, நானா."

அவன் கை ஓங்குவான் என்று நினைத்துத் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவன் ஓங்கவில்லை. அந்தப் பெரிய முகம் கோணியது. சிவந்த கண்ணைப் புறங்கையால் துடைத்தான். அது கோபத்தில் சிவந்த கண் இல்லை. நித்திரை இல்லாத கண். அது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"போன வெள்ளிக்கெழம, சுபஹுத் தொழுகைக்கு முந்தி, புள்ளயத் தூக்கிட்டு களப்புக்குள்ள எறங்கிட்டா" என்றான். "இடுப்பளவு தண்ணி. நாந்தான் இழுத்துட்டு வந்த. அதுக்குப் பொறவு நானும் உம்மாவும் மாறி மாறி முழிச்சிக் கெடக்கிறம். எங்களுக்கு என்ன செய்யிற எண்டு தெரியல்ல."

உள்ளேயிருந்து அவனுடைய தாய் உம்மு குல்தூம் வந்தார். மெலிந்த மனுஷி. கழுத்து நூலில் ஒரு சாவி தொங்கியது, அதை முழுக்கையால் பொத்திப் பிடித்திருந்தார். "அவளுக்குப் பைத்தியமில்ல" என்று றிஷ்னா எதையும் கேட்குமுன் சொன்னார். "மவன் போன கவல. பள்ளி லெப்ப வந்து தண்ணி ஓதித் தந்திரிக்கார். சொகமாயிரும்."

"மாமி, ஆஸ்பத்திரிக்குக் காட்டணும்."

"காட்டினா பைத்தியம் எண்டு எழுதி புள்ளய எடுத்துட்டுப் போவீங்க. என்ட மவன்ட ஒரே ஒரு வித்து அது. எடுக்கமாட்டன் எண்டு அல்லாஹ்ட பேரால சத்தியம் பண்ணு. தொறக்கிறன்."

சொல்லிவிடலாம். ஒரு சொல்தான். சொன்னால் கதவு திறக்கும். பிறகு பிள்ளையை எடுத்தால் இந்த மனுஷி சாகும் வரைக்கும் எந்த வாசலையும் யாருக்கும் திறக்கமாட்டார். ஹுனைஸின் புத்திமதி ஏன் என்று அந்த நேரம்தான் அவளுக்கு உறைத்தது.

"அதுக்கு நான் சத்தியம் பண்ண ஏலா மாமி. அத முடிவு பண்ற ஆள் நானில்ல. ஆனா டொக்டர் பாக்கும் வரைக்கும் நான் உங்கள உட்டுட்டுப் போகமாட்டன். அதுக்கு வேணுமெண்டா சத்தியம்."

உம்மு குல்தூம் அவளை மேலும் கீழும் பார்த்தார். இந்த நடுங்குகிற பெட்டையா என்று பார்த்த பார்வை. அதற்குள் மறுபடியும் அறைக்குள் பிள்ளை ஒரு தரம் கீச்சிட்டு அடங்கியது. உம்மு குல்தூம் நூலைக் கழுத்திலிருந்து கழற்றினார்.

றிஷ்னா ஜப்பாரிடம் அம்புலன்ஸுக்குக் கோல் எடுக்கச் சொன்னாள். இலக்கம் கேட்டான். "ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறு" என்றாள். அவளுடைய குடும்பம் மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு விரட்டப்பட்டு வெளியேறிய வருஷம் அது. வீட்டில் யாரும் அந்த எண்ணைச் சும்மா உச்சரிப்பதில்லை. இன்றைக்கு அதுதான் உதவிக்கு வந்தது.

கதவுக்கு முன்னால் நின்றபோது அவளுக்கு ஒன்று விளங்கியது. கதவைத் திறந்து வை, பக்கத்தில் இரு. இவை உத்தியோகத்தர் தப்பி ஓடுவதற்கான புத்திமதிகள். இங்கே கதவைத் திறந்து வைத்தால் ஓடப்போகிறவள் வேறொருத்தி. களப்பு நூறு யார் தூரத்தில்தான்.

"மாமி" என்றாள், தன் குரல் தனக்கே கேட்காமல். "நான் உள்ளுக்குப் போனதும் பூட்டிருங்க."

பூட்டு விழுந்த சத்தத்தில் அவளுடைய காது அடைத்தது.

அறை அரை இருட்டு. யன்னலில் பலகை அறைந்திருந்தது. மூலையில், கட்டிலும் சுவரும் சேரும் இடத்தில், நஸ்லியா தரையில் உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண். பிள்ளையை நெஞ்சோடு இறுக்கியிருந்தாள், அதன் முகம் முழுதும் அவள் சட்டைக்குள் புதைந்திருந்தது. பிள்ளை அசையவில்லை.

றிஷ்னாவுக்கு அலறிக் கதவைத் தட்டவேண்டும்போல் இருந்தது. ஓடிப்போய்ப் பிள்ளையைப் பறிக்கவேண்டும்போலும் இருந்தது. பறித்தால் அவள் இன்னும் இறுக்குவாள். றிஷ்னா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையின் பாதம் துணிக்கு வெளியே தெரிந்தது. அதையே பார்த்தாள். அதன் பெருவிரல் மடங்கி விரிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

"கதவத் தொறந்து வச்சிட்டா வந்த?" என்று நஸ்லியா கேட்டாள்.

"இல்ல. பூட்டித்தான் இரிக்கி."

"நெசமா?"

"இழுத்துப் பாருங்க."

நஸ்லியா பிள்ளையோடு எழுந்து வந்து கதவை இழுத்துப் பார்த்தாள். இரண்டு தரம் இழுத்தாள். பிறகு அவள் தோள் இறங்கியது. றிஷ்னாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"நாந்தான் மாமிட்ட பூட்டச் சொன்ன" என்றாள். "பூட்டாட்டி என்ட கால் போயிரும். அவர் தண்ணிக்குள்ள நிண்டு கூப்புடுறார், ராத்தா. புள்ளயக் கொண்டாந்து காட்டு எண்டு. எல்லா நேரமும் கூப்புடுறார். இப்பவும் கூப்புடுறார்."

றிஷ்னா தன்னையறியாமல் பலகை அறைந்த யன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

நஸ்லியா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உங்களுக்குப் பயமா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். "ஓம்" என்றுதான் வந்தது. "நல்லாப் பயமா இரிக்கி."

"இங்க வாற எல்லாரும் பயப்படாத, பயப்படாத எண்டுதான் சொல்ற" என்றாள் நஸ்லியா. "ஒருத்தரும் பயம் எண்டு சொல்லல்ல. எனக்கு எவ்வளவு பயம் தெரியுமா ராத்தா? என்ட கைய எனக்கு நம்ப ஏலா. படுத்தா கை என்ன செய்யுமோ எண்டு படுக்கிறதில்ல. அவன் அழுதா அவருக்குக் கேட்டுரும் எண்டு அமத்திப் புடிக்கிறன். அமத்தினா மூச்சு போயிருமோ எண்டும் பயம்."

"கொஞ்ச நேரம் நான் வச்சிரிக்கட்டா? இங்கயேதான். பூட்டின கதவுக்குள்ளயேதான்."

நஸ்லியா யோசித்தாள். வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது, ஹுனைஸின் குரல் கேட்டது. றிஷ்னா அசையவில்லை. கையை மட்டும் நீட்டி வைத்திருந்தாள், அது வெட்கமில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தைப் பார்த்துக்கொண்டே நஸ்லியா பிள்ளையை அதில் வைத்தாள்.

பிள்ளை முகம் சிவந்து, வியர்த்து, வாயைத் திறந்து ஒரு பெரிய மூச்செடுத்து அழத் தொடங்கியது. யாரும் பொத்தவில்லை. நஸ்லியா இரண்டு கையையும் தன் கக்கத்துக்குள் ஒளித்துக்கொண்டு, றிஷ்னாவின் முழங்காலில் தலையைச் சாய்த்தாள். அம்புலன்ஸ் வரும்வரை அப்படியே கிடந்தாள்.

கதவு திறந்தபோது வெளியே வரமாட்டேன் என்று அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். உம்மு குல்தூம்தான் உள்ளே வந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தார். முற்றத்தில் தென்னைகளுக்கு அப்பால் களப்பு வெள்ளையாகத் தெரிந்தது. நஸ்லியா நின்றாள். எல்லோரும் நின்றார்கள். ஜப்பார் களப்புப் பக்கம் போய்க் குறுக்கே நின்றுகொண்டான். உம்மு குல்தூம் தன் முந்தானையை எடுத்து மருமகளின் கண்ணை மூடி, "என்ட சத்தத்த மட்டும் கேளு மவள்" என்று சொல்லிச் சொல்லி வண்டிவரைக்கும் கூட்டிப்போனார். பின்னால் பிள்ளையோடு றிஷ்னா போனாள்.

பிள்ளை பெற்ற சில பெண்களுக்கு வருகிற நோய் இது, மருந்திருக்கிறது, குணமாகும் என்று டொக்டர் சொன்னார். பிள்ளையை யாரும் எடுக்கவில்லை. தாயோடு பாட்டியும் பிள்ளையும் தங்க வார்ட்டில் இடம் கொடுத்தார்கள். அதற்கும் றிஷ்னா சத்தியம் செய்திருக்க முடியாது, அதிர்ஷ்டம்தான். சொன்ன வாக்குப்படி டொக்டர் பார்த்து முடிக்கும்வரை அவள் வாங்கிலேயே இருந்தாள். பிறகு கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்தபோது ஹுனைஸ் ஒரு சோடாப் போத்தலை நீட்டினார். ஏசுவார் என்று நினைத்தாள்.

"அடுத்த தரம் பூட்டச் சொல்றதுக்கு முந்தி எனக்கொரு கோல் எடுங்க" என்றார். "நானும் கேற்றுல நிண்டு ஓதுறன்."

மழை தொடங்கிய காலத்தில் றிஷ்னா மறுபடியும் குறிஞ்சிப்பிட்டிக்குப் போனாள். அறைக் கதவில் பூட்டு இல்லை, அதை மாட்டிய கொளுவி மட்டும் தொங்கியது. நஸ்லியா கொஞ்சம் சதை போட்டிருந்தாள். மருந்தால் பேச்சு மெதுவாக வந்தது. முன்கதவு இரண்டையும் அகலத் திறந்து வைத்து, பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து கதவுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"இதுல இரிங்க ராத்தா" என்றாள். "நீங்க பயந்த ஆள்."

குசினிக்குள் உம்மு குல்தூம் சிரித்தது கேட்டது. றிஷ்னாவும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நஸ்லியா பிள்ளையை அவள் மடியில் வைத்தாள். "கெணத்தடியில குளிச்சிட்டு வாறன். அது வரைக்கும் வச்சிரிங்க."

அவள் துவாயோடு வீட்டுக்குப் பின்னால் போனாள். சிரிப்பு நின்றது. குசினியில் அகப்பைச் சத்தம் நின்றது. வாளி கிணற்றுக்குள் போய்த் தண்ணீரில் விழுந்தது. றிஷ்னா காது கொடுத்தாள். குசினி வாசலில் உம்மு குல்தூம், கையில் அகப்பையோடு, அதே காதோடு நின்றார். தலையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. கொஞ்சம் அதிக நேரம் ஒன்றுமில்லை. றிஷ்னா கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"நான் இரிக்கன் மாமி" என்று கிணற்றடியிலிருந்து நஸ்லியா கூப்பிட்டாள். "ராத்தா, இரிக்கன்."

வாளி மறுபடி இறங்கியது. தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிவிட்டு மறுபடியும் சொன்னாள். குளித்து முடியும் வரைக்கும் ஒவ்வொரு வாளிக்கும் அவள் இரிக்கன், இரிக்கன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.